அத்தியாயம் 9: ஒரு வட்டம், நான்கு பருவங்கள்

உரிமம் கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "இனி எங்கே போகலாம்?" என்பதுதான். என் பதில் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். முதல் ஓராண்டு எங்கும் போக வேண்டாம். நீங்கள் பழகிய ஓடுபாதையை நடுவில் வைத்து வரைபடத்தில் 50 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள்ளேயே நான்கு பருவமும் பறந்து பாருங்கள். ஊர் அதேதான், ஆனால் காற்று மாறும், வெளிச்சம் மாறும், தரையின் நிறம் மாறும், எஞ்சின் கிளம்பும் விதம்கூட மாறும்.

பெரிய ஜெட் விமானத்தில் போகிற பயணிக்கு ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. துணி போர்த்திய, அரை டன் எடையுள்ள விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு வாரமும் வேறு வானம். அந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் சிறு விமானத்தின் இன்பம் முழுதாகக் கிடைக்கிறது. அவரைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவருவதும் அதே படிப்புதான். இன்பத்துக்கு ஒரு பாடம், பாதுகாப்புக்கு இன்னொரு பாடம் என்று இதில் இரண்டு கிடையாது. இந்த அத்தியாயம் முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

விமானமும் வட்டமும்

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் விமானம் பைப்பர் ஜே-3 கப். பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் ஊரில் 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 விமானங்கள் செய்யப்பட்டன. பெரும்பாலானவை மஞ்சள் நிறம். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, சாயம் பூசிய உடம்பு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தனியாகப் பறக்கிறவர் எடைச் சமநிலைக்காகப் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும். எஞ்சின் 65 குதிரைத்திறன். பயண வேகம் மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர். வேகம் 61 கிலோமீட்டருக்கு அருகில் இறங்கும்போதுதான் இறக்கை தூக்குவதை நிறுத்தும்.

இதில் மின்சாரம் இல்லை. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். எரிபொருள் அளவைக் காட்டுவது, டேங்கில் மிதக்கும் தக்கையில் செருகிய ஒரு கம்பி. கண்ணாடிக்கு முன்னால் அது நீட்டிக்கொண்டிருக்கும். எரிபொருள் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். டேங்க் கொள்வது 45 லிட்டர். மணிக்கு 17 லிட்டர் என்று வைத்தால் இரண்டரை மணி நேரம். பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது அரை மணி நேர எரிபொருள் மீதம் இருக்கும்படி திட்டமிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நீங்கள் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு முறை பறக்க ஒன்றரை மணி நேரம். வட்டத்துக்கு அது தாராளம்.

இந்த வகை விமானத்துக்கு அமெரிக்காவில் 2004-இல் வந்த ஸ்போர்ட் பைலட் உரிமம் போதும். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 20 மணி நேரம். நடைமுறையில் பலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும். வால்சக்கர விமானம் என்பதால் அதற்குப் பயிற்சியாளரின் தனி ஒப்புதலும் வேண்டும்.

இடம்: விஸ்கான்சின் மாநிலத்தில் ஓஷ்கோஷ் நகரையொட்டிய புல் ஓடுபாதை ஒன்று. காரணம் இரண்டு. கோடையில் 35 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊர், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 25 வரை இறங்கும். ஒரே இடத்தில் எல்லாப் பாடமும் கிடைக்கும். அடுத்தது, வட்டத்துக்குள் இருப்பவை. சுமார் 48 கிலோமீட்டர் நீளமுள்ள வின்னபேகோ ஏரி, பால் பண்ணைகள், மக்காச்சோள வயல்கள், தெற்கே ஹோரிகான் சதுப்பு நிலம், இடையிடையே தனியார் புல் ஓடுபாதைகள். கோபுரக் கட்டுப்பாடு உள்ள வான்வெளிக்குள் நுழைய இருவழி வானொலித் தொடர்பு கட்டாயம். கப்பில் மின்சாரம் இல்லாததால் பேட்டரியில் ஓடும் கை ரேடியோ ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் முறை இதேதான். எண்களை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வசந்தம்: சேறும் குறுக்குக்காற்றும்

மார்ச் கடைசியில் பனி உருகுகிறது. வானம் அழைக்கும், தரை தயாராக இருக்காது. அடியில் மண் இன்னும் உறைந்திருப்பதால் மேலே உருகிய நீர் வடிய வழியில்லாமல் புல் ஓடுபாதை சேறாகிவிடும். காரில் சுற்றிப் பார்ப்பது போதாது. ஓடுபாதையின் முழு நீளத்தையும் நடந்து பாருங்கள். குதிகால் பதிகிற இடம் எதுவானாலும் சக்கரமும் பதியும். வால்சக்கர விமானம் சேற்றில் சிக்கினால் மூக்குக் குத்தும். புரொப்பெல்லர் தரையில் மோதும். ஒரு வாரம் பொறுத்தால் காய்ந்துவிடும்.

அந்த ஒரு வாரத்தில் விமானத்தைப் பாருங்கள். ஹேங்கரில் எலிகள் குளிர்காலம் கழித்திருக்கும். அவற்றின் சிறுநீர் உலோகத்தை அரிக்கும். கூட்டுப் பஞ்சு, கட்டுப்பாட்டுக் கம்பிகளுக்கு இடையே அடைந்திருக்கும். இருக்கைக்குப் பின்னால், வால் பக்கம், இறக்கையின் ஆய்வுத் துளைகள் என்று விளக்கடித்துப் பாருங்கள். ஏப்ரலில் பறவைகளின் முறை. மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் குருவி, நீங்கள் மதிய உணவுக்குப் போய்வரும் நேரத்துக்குள் எஞ்சின் மூடிக்குள் கூடு கட்டத் தொடங்கிவிடும். காய்ந்த புல் சூடான எஞ்சின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். ஆகவே காலையில் பார்த்திருந்தாலும் மாலையில் மறுபடி பாருங்கள். எரிபொருளின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வடிகட்டிப் பார்ப்பது எப்போதும் உள்ள கடமை. உருகும் காலத்தில் அதை இரண்டு முறை செய்யலாம்.

காற்றுக்கு வருவோம். வசந்தத்தில் வடக்கே இன்னும் குளிர், தெற்கே வெயில். இரண்டுக்கும் இடையில் நகரும் காற்றழுத்த மண்டலங்கள் பலத்த காற்றைக் கொண்டுவரும். கப் காற்றில் பறக்கும்போது வேடிக்கையான கணக்குகள் வரும். மணிக்கு 40 கிலோமீட்டர் எதிர்காற்றில் உங்கள் தரைவேகம் 80தான். கீழே நெடுஞ்சாலையில் கார்கள் உங்களைத் தாண்டிப் போகும். 30 கிலோமீட்டர் காற்றை நேர் எதிரே வைத்து இறங்கினால், ஒருவர் ஓடும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் சக்கரம் புல்லைத் தொடும். மெதுவான விமானம் வைத்திருப்பதன் சுகங்களில் இது ஒன்று.

அதே காற்று பக்கவாட்டில் வந்தால் கதை வேறு. இறங்கும்போது காற்று வரும் பக்க இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரட்டரால் மூக்கை நேராக வைப்பது என்று ஆறாம் அத்தியாயத்தில் பார்த்தோம். வசந்தம்தான் அதைப் பயிலும் காலம். முதல் சில முறை பயிற்சியாளரை முன் இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குறைவாகப் பறந்திருந்தால் கால்கள் ரட்டரை மறந்திருக்கும். மனம் அதை ஒப்புக்கொள்ளாது. தரையில் ஓட்டும்போதும் ஸ்டிக்கைக் காற்றின் திசைக்கு ஏற்ப வைத்தபடியே இருக்க வேண்டும். இறங்கிவிட்டோம் என்று கையைத் தளர்த்துகிற கணத்தில்தான் வால்சக்கர விமானம் சுழன்று திரும்பும்.

வட்டத்துக்குக் கிழக்கே மிச்சிகன் ஏரி இருக்கிறது. மே மாதத்தில் நிலம் வெதுவெதுப்பாகிவிட்டாலும் ஏரி நீர் கடும் குளிர்ச்சியாகவே இருக்கும். பகலில் ஏரிக்காற்று உள்ளே வரும். கரையோரத்தில் காற்றின் திசை திடீரென மாறும், சில நாள் மூடுபனியும் சேர்ந்து வரும். கிழக்குப் பக்கம் போகும் நாளில் கரையோர விமான நிலையங்களின் வானிலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி மேலே போனால் வசந்தம் தருவது, நிறம் பிறப்பதைப் பார்க்கும் பேறு. 1,000 அடியில் பறக்கும்போது, ஓடைக் கரைகளில் வில்லோ மரங்கள் முதலில் மஞ்சள்பச்சையாவது தெரியும். தெற்குப் பார்த்த சரிவுகள் வடக்குச் சரிவுகளைவிட முன்னதாகப் பச்சையாகும். உழுத கரிய வயலின் மேல் போனால் விமானம் மேலே தூக்கப்படும். பக்கத்துப் பச்சை வயலின் மேல் இறங்கும். தரையின் நிறத்தைப் பார்த்து அடுத்த குலுக்கலை முன்கூட்டியே சொல்லப் பழகுங்கள். இரண்டு மாதத்தில் அது கைவந்துவிடும்.

கோடை: விடியலும் அந்தியும்

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சிறு விமானம் பறக்க இரண்டு வேளைகள் உண்டு. சூரியன் உதித்துப் பத்து மணி வரை ஒன்று. மாலை ஆறுக்கு மேல் இருட்டும் வரை இன்னொன்று. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணிக்கு மேல் ஆகும். வேலை முடித்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாலும் ஒரு மணி நேரம் பறக்கலாம். நடுப்பகலை வெப்பக்காற்றுக்கும் மேகங்களுக்கும் விட்டுவிடுங்கள்.

கப்பின் வலப்பக்கக் கதவு இரண்டு பாதி. மேல் பாதி இறக்கையின் அடியில் கொளுவப்படும், கீழ்ப்பாதி தொங்கும். கதவைத் திறந்துவைத்தே பறக்கலாம். மாலையில் காற்று அடங்கியபின் 500, 600 அடியில் போனால் அறுத்த வைக்கோலின் மணம் உள்ளே வரும். பள்ளங்களில் குளிர்ந்த காற்று தேங்குவது முழங்கையில் தெரியும். உயரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஆள், வாகனம், கட்டடம் எதற்கும் 500 அடிக்கு மேல் விலகி இருக்க வேண்டும்; ஊர்களின் மேல், அருகிலுள்ள மிக உயரமான தடையைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும். மாடுகள் மேயும் பண்ணைகளைச் சுற்றிப் போவது சட்டம் கேட்காத மரியாதை.

கோடை கற்பிக்கும் முதல் பாடம் அடர்த்தி உயரம். சூடான காற்று லேசானது. லேசான காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, புரொப்பெல்லருக்கு இழுவை குறைவு, எஞ்சினுக்குள் போகும் பிராணவாயுவும் குறைவு. ஓஷ்கோஷின் தரை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 அடி. அந்த உயரத்துக்குரிய நியம வெப்பம் ஏறத்தாழ 13 டிகிரி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். 35 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால் 3,400 அடி வருகிறது. தரையில் நின்றபடியே உங்கள் விமானம் 3,400 அடி மலை ஊரில் இருப்பதாக நடந்துகொள்ளும். கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 450 அடி மட்டும் ஏறும் விமானம் இது.

எடையையும் கூட்டுங்கள். வெறும் விமானம் சுமார் 345 கிலோ. பின்னால் சேர்த்த கருவிகளால் பல கப்கள் அதைவிடக் கனம். தலா 80 கிலோவில் இரண்டு பேர், டேங்க் நிறைய எரிபொருள் 33 கிலோ. மொத்தம் 538. அனுமதித்த எல்லை சுமார் 553. வெயில் நாளில் இருவர் பறக்க வேண்டுமானால் டேங்கைப் பாதியாக வைப்பது நல்லது. புல் உயரமாகவோ ஈரமாகவோ இருந்தால் ஓட்டம் இன்னும் நீளும். ஓடுபாதையின் நடுப்பகுதியில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும்போது, எழுவதற்குத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வராவிட்டால் த்ராட்டிலை மூடி நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது பாடம் மேகம். வானிலை அறிக்கையில் வெப்பநிலையும் பனிநிலையும் இருக்கும். பனிநிலை என்பது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால், குவிமேகத்தின் அடித்தளம் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கும் என்பது உத்தேசமாகக் கிடைக்கும். வெப்பம் 30, பனிநிலை 18 என்றால் 4,800 அடி. கணக்கிட்டுவிட்டு மேலே போய்ச் சரிபாருங்கள்; காற்றைப் பற்றிய உங்கள் கணக்கு வானத்தில் மேகமாக நிற்பதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. ஜூலையில் மக்காச்சோளப் பயிர் ஏராளமான நீரை ஆவியாக வெளிவிடும். அதனால் இந்தப் பகுதியில் பனிநிலை மேலும் உயரும்.

அந்த ஈரம்தான் இடிமேகத்துக்கு உணவு. பகல் பதினொரு மணிக்கே குவிமேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளரத் தொடங்கினால், மாலைத் திட்டத்தைக் கைவிடத் தயாராகுங்கள். இடிமழை மேகத்திலிருந்து குறைந்தது 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறையின் அறிவுரை. மழை தொலைவில் பெய்துகொண்டிருக்கும்போதே அதிலிருந்து கீழே பாயும் குளிர்காற்று பல கிலோமீட்டர் முன்னால் ஓடிவந்து ஓடுபாதையில் காற்றின் திசையை மாற்றிவிடும். இடிமேகத்தோடு ஓட்டப்பந்தயம் கப்புக்கு ஆகாது.

கோடை மனிதர்களின் பருவமும்கூட. சனி, ஞாயிறு காலைகளில் சிறு விமான நிலையங்களில் பான்கேக் விருந்து வைப்பார்கள். சுற்றுவட்டார விமானங்கள் புல்லில் வரிசையாக நிற்கும். ஒரு நாள் காலையில் அங்கே கேட்டு அறிவது பல மாதப் படிப்புக்குச் சமம். ஜூலை கடைசியில் ஓஷ்கோஷில் ஏர்வெஞ்சர் விழா. 1953-இல் பால் பொபரெஸ்னி தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் 1970 முதல் அதை இங்கே நடத்திவருகிறது. அந்த வாரம் ஓஷ்கோஷ் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம் உலகிலேயே அதிகப் பரபரப்பானது. ரிப்பன் ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை ரயில் பாதையின் மேல் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கீழே நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் நிறத்தையும் வகையையும் சொல்லி அழைப்பார்கள்; விமானி ரேடியோவில் பதில் பேசாமல் இறக்கைகளை ஆட்டிக் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் நீங்களே ஓட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டாம். தரைவழியே போய் நாள் முழுக்கப் பாருங்கள். அந்த வாரம் உங்கள் வட்டத்தின் வான்வெளி விதிகளும் மாறும். வெளியிடப்படும் அறிவிப்பை முழுதும் படிக்காமல் எழும்பாதீர்கள்.

இலையுதிர்காலம்: தெளிந்த வானம், மறைந்த பனிக்கட்டி

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் குளிர்காற்று வடமேற்கிலிருந்து வந்து கோடையின் புகைமூட்டத்தைத் துடைத்துவிடும். அதன் பின்னால் வரும் இரண்டு, மூன்று நாட்கள்தான் ஆண்டிலேயே நான் மிகவும் விரும்புபவை. எஞ்சினுக்கு நல்ல காற்று, வெப்பக் குலுக்கல் குறைவு, பார்வை அடிவானம் வரை.

அக்டோபரில் இலைகள் நிறம் மாறும். சர்க்கரை மேப்பிள் மரங்கள் ஆரஞ்சும் சிவப்புமாக எரியும். பிர்ச்சும் ஆஸ்பெனும் மஞ்சள். ஓக் கடைசியாகத் தாமிர நிறத்துக்கு வரும். எல்லாம் உதிர்ந்தபின் சதுப்பு நிலங்களில் டாமராக் மரங்கள் பொன்னிறமாக நிற்கும். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் மரம் அது. இதைப் பார்க்கச் சரியான நேரம், சூரியன் சாய்ந்திருக்கும் பின்மதியம். சூரியனை முதுகுப்பக்கம் வைத்துப் பறந்தால் நிறம் முழுதாகத் தெரியும். ஆனால் திரும்பி மேற்கு நோக்கி இறங்கும்போது அதே சூரியன் கண்ணுக்கு நேரே வரும். கண்ணாடியில் பூச்சிக் கறை இருந்தால் ஓடுபாதையே தெரியாது. புறப்படும் முன் கண்ணாடியைத் துடையுங்கள். தொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அழகான பருவத்தில்தான் கார்புரேட்டரில் பனிக்கட்டி பிடிக்கும். வெளியே 10 டிகிரி, எங்கும் பனியில்லை. ஆனாலும் கார்புரேட்டரின் குறுகலில் காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கும் மேல் குறையக்கூடும். ஈரம் அங்கே உறைந்து காற்று போகும் வழியை அடைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 7 முதல் மேலே 21 டிகிரி வரை, காற்றில் ஈரம் இருந்தால் எப்போதும் இதை எதிர்பார்க்க வேண்டும். கப்பில் உள்ள கான்டினென்டல் எஞ்சின் இதில் பெயர்போனது.

அறிகுறி சத்தமில்லாமல் வரும்: நீங்கள் தொடாமலே எஞ்சின் சுழற்சி மெல்லக் குறையும். உடனே, கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட்டை முழுதாக இழுங்கள். சுழற்சி இன்னும் குறைந்து, எஞ்சின் சற்று முரட்டுத்தனமாக ஓடும். உருகிய நீரை அது விழுங்குகிறது என்று பொருள். இந்த இடத்தில் பயந்து கார்ப் ஹீட்டை மூடிவிடுவதுதான் பெரிய தவறு. பொறுத்திருந்தால் சுழற்சி ஏறி வரும். த்ராட்டிலைக் குறைத்து இறங்கத் தொடங்குமுன் கார்ப் ஹீட்டை இழுப்பதை எல்லாப் பருவத்திலும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மூடுபனி. வானம் தெளிந்து, காற்று அசையாத மாலை, பறப்பதற்கு மிக இனிமையானது. அதே நிலைதான் மூடுபனியைப் பிறப்பிக்கும். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரியாகச் சுருங்கினால் ஆற்றுப் பள்ளங்களில் வெள்ளை படியத் தொடங்கும். மேலிருந்து நேர் கீழே பார்த்தால் ஓடுபாதை தெரியும். சாய்வாக இறங்கி வரும்போது தெரியாது. பகல் வேகமாகச் சுருங்கும் காலம் இது. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தரையில் இருப்பதை வழக்கமாக்குங்கள். நவம்பர் அந்தியில் ஓடுபாதைக்கு மான்கள் வரும். இறங்குமுன் ஒருமுறை தாழ்வாகப் பறந்து பார்த்துவிட்டு, சுற்றிவந்து இறங்குங்கள்.

ஹோரிகான் சதுப்பில் கனடா வாத்துகள் ஆயிரக்கணக்கில் கூடுவதும் இப்போதுதான். வனவிலங்குக் காப்பகங்களின் மேல் தரையிலிருந்து 2,000 அடிக்குக் கீழே வர வேண்டாம் என்று விமான வரைபடமே கேட்டுக்கொள்கிறது. பறவைகளுக்கும் அது நல்லது, உங்கள் புரொப்பெல்லருக்கும் நல்லது.

குளிர்காலம்: பனிச்சறுக்குக் கட்டைகளில்

பலர் நவம்பரில் ஹேங்கரைப் பூட்டிவிட்டு ஏப்ரலில் திறக்கிறார்கள். அவர்கள் இழப்பது ஆண்டின் சிறந்த காற்றை. கோடையில் 3,400 அடி மலை ஊராக நடந்துகொண்ட அதே ஓடுபாதை, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் கடல் மட்டத்துக்கும் 3,000 அடி கீழே இருப்பதாக நடந்துகொள்ளும். காற்று அவ்வளவு அடர்த்தி. ஜூலையில் ஓடி ஓடி எழுந்த விமானம் ஜனவரியில் துள்ளி எழும்.

ஆனால் எழுவதற்கு முன் வேலை அதிகம். பூஜ்யத்துக்குக் கீழ் 7 டிகிரிக்கும் குறைவானால் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்குவது அவசியம். உறைந்த எண்ணெய் உடனே ஓடாது. எண்ணெய் போகாத உலோகம் தேயும். மூடிமேல் போர்வை போட்டு, உள்ளே வெப்பக்காற்றை விட்டு, எஞ்சின் முழுவதும் சூடேற நேரம் கொடுங்கள்.

இறக்கையில் உறைபனி ஒரு துளிகூட இருக்கக் கூடாது. உப்புத்தாள் அளவு சொரசொரப்பு இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் இருந்தால், தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையும், இழுவை 40 சதவீதம் வரை கூடும். கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். வெயிலில் நிறுத்தி, துடைத்து, மறுபடி தடவிப் பாருங்கள். சுடுநீர் ஊற்றாதீர்கள்; கீல்களுக்குள் போய் உறையும்.

கையால் சுழற்றிக் கிளப்புவது எப்போதும் ஆபத்தானது, வழுக்கும் தரையில் இரட்டிப்பு ஆபத்து. வாலைக் கட்டிவையுங்கள். காக்பிட்டில் தெரிந்தவர் ஒருவர் இருக்கட்டும். சுழற்றுகிறவரின் காலடியில் மண்ணோ மணலோ போடுங்கள். கால் ஊன்றவில்லை என்றால் அன்று கிளப்ப வேண்டாம்.

கப்பின் ஹீட்டர், புகைப்போக்கிக் குழாயைச் சுற்றிய காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. குழாயில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தூக்கக் கலக்கம் தோன்றினால் ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, இறங்குங்கள். பேட்டரியில் ஓடும் கண்டறி கருவியை உள்ளே மாட்டுங்கள். ஹீட்டரை நம்பி உடுத்தாதீர்கள். விமானம் ஒரு வயலில் இறங்க நேர்ந்தால் அங்கே இரண்டு மணி நேரம் நடக்கத் தேவையான உடையில் கிளம்புங்கள்.

சக்கரத்தைக் கழற்றி ஸ்கீ எனும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டினால் வட்டம் முழுதும் ஓடுபாதை ஆகிவிடும். வின்னபேகோ ஆழமற்ற ஏரி, சராசரி ஐந்து மீட்டருக்கும் குறைவு. குளிர்காலத்தில் அதன் மேல் ஒரு ஊரே எழும். பிப்ரவரியில் ஸ்டர்ஜன் மீனை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் பருவத்தில் ஆயிரக்கணக்கான மரக் குடில்கள் பனிக்கட்டி மேல் நிற்கும். மீனவர் சங்கங்கள், பயன்படுத்திய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டு ஏரிமேல் சாலை வழி குறித்திருப்பார்கள். மேலிருந்து அந்தப் பச்சைப் புள்ளிகளின் வரிசையைத் தொடர்ந்து போவது இந்தப் பருவத்துக்கே உரிய சுகம்.

ஏரியில் இறங்குவதை, அந்த ஏரியையே அறிந்த பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆற்று வாய்களிலும் விரிசல்களின் அருகிலும் பனிக்கட்டி மெலிந்திருக்கும். அன்றைய தடிமனைச் சொல்ல மீனவர்களைவிடச் சரியான ஆள் இல்லை. ஸ்கீயில் பிரேக் கிடையாது. நிற்கும் முன்பே திரும்பிவிட வேண்டும், நின்றபின் திருப்புவது கடினம். முதலில் நிற்காமல் ஸ்கீயை உரசித் தடம் போட்டு எழும்புங்கள். சுற்றிவந்து பாருங்கள், தடம் கருத்திருந்தால் பனிக்கு அடியில் நீர் இருக்கிறது, அங்கே இறங்காதீர்கள். மேகமூட்டமான நாளில் வெள்ளைத் தரையும் வெள்ளை வானமும் ஒன்றாகி உயரம் தெரியாமல் போகும். அப்போது கரை மரங்களை ஒட்டியே இறங்குங்கள், அல்லது சும்மா இருங்கள். உரசலில் சூடேறிய ஸ்கீ, நிறுத்தியபின் பனியோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பலகையையோ மரக்கிளையையோ அடியில் போட்டு அதன் மேல் நிறுத்துங்கள்.

ஸ்கீயை நேரில் பார்த்துப் பழக, ஜனவரியில் ஓஷ்கோஷின் பயனீர் விமானத் திடலில் நடக்கும் ஸ்கீ விமானச் சந்திப்புக்குப் போங்கள். சூடான சில்லி சூப்பும் உண்டு, கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்களும் உண்டு. டிசம்பரில் சூரியன் நாலேகாலுக்கு மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பறக்காத நாட்கள்

இத்தனை பருவத்துக்கும் பொதுவான திறமை ஒன்று: ஹேங்கர்வரை வந்து, வானத்தைப் பார்த்து, இன்று வேண்டாம் என்று சொல்வது. அந்த முடிவை மனம் ஆசைப்படும் நேரத்தில் எடுக்கக் கூடாது. வீட்டில், அமைதியாக, முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைக்கும் எல்லைகள் இவை:

- குறுக்குக்காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்குள். பயிற்சியாளர் உடனிருந்தால் மட்டும் கூடுதல்.
- மேகத்தின் அடித்தளம் 3,000 அடிக்குக் குறையக் கூடாது. பார்வைத் தொலைவு 15 கிலோமீட்டராவது வேண்டும்.
- வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் வித்தியாசம் மூன்று டிகிரிக்குக் கீழே வந்து, அது மேலும் சுருங்கிக்கொண்டிருந்தால் கிளம்ப வேண்டாம்.
- 32 டிகிரிக்கு மேல் இருவராகப் பறக்க வேண்டாம்.
- பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி தாண்டினால் வேண்டாம். விமானம் தாங்கும், கை விரல் தாங்காது.
- சூரியன் மறைய ஒரு மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டாம்.

சட்டம் இதைவிடத் தாராளமானது. உங்கள் எல்லை சட்டத்தைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரோடு உட்கார்ந்து, எந்த எல்லையைத் தளர்த்தலாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். எழும்பிய பிறகு தளர்த்தவே கூடாது.

பறக்காத நாளும் வீணாகாது. ஓடுபாதையில் காற்றுப்பையைப் பார்த்து வேகத்தைக் கணித்துவிட்டு, கருவியில் சரிபாருங்கள். மேகத்தின் உயரத்தைக் கணக்கிட்டு, அறிக்கையோடு ஒப்பிடுங்கள். கணிப்பு நெருங்கி வர வர நம்பிக்கை வளரும்.

வட்டத்துக்கு ஒரு நோட்டு

விமானி பதிவேட்டில் நேரம், இடம், இறக்கங்களின் எண்ணிக்கை இருக்கும். அதோடு தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: வெப்பமும் பனிநிலையும், காற்று, எழுவதற்கு ஓடிய தூரம், எதிர்பாராமல் காற்று செய்த ஒரு காரியம், கண்ணில் நின்ற ஒரு காட்சி. ஓடிய தூரத்தை அளக்க, ஓடுபாதையின் ஓரத்தில் 50 மீட்டருக்கு ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளலாம். ஏப்ரலிலும் ஜூலையிலும் ஜனவரியிலும் எழுதிய தூரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அடர்த்தி உயரம் என்பது பாடப் புத்தகத்துச் சூத்திரமாக இருக்காது.

ஓராண்டு நிறைந்ததும் வட்டத்தை விரியுங்கள். தெற்கே ப்ராட்ஹெட் ஊரில் புல் ஓடுபாதைகளும் பழைய விமானங்களின் கெல்ச் அருங்காட்சியகமும் இருக்கின்றன. இன்னும் துணிவு வந்தால், ஜூன் மாதம் லாக் ஹேவனில் கூடும் கப் விமானங்களின் விழா. உங்கள் விமானம் பிறந்த ஊருக்கே அதை ஓட்டிச் செல்லலாம். வழியில் புதிய ஊர்கள் வரும், காற்று மட்டும் உங்களுக்குப் பழகியதாக இருக்கும். அந்தப் பயணத்துக்கு எரிபொருள் நிறுத்தங்களையும் மாற்று ஓடுபாதைகளையும் எப்படித் திட்டமிடுவது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.